பதினைந்து யூனிட் மிச்சம்

கல்முனைப் பக்கம் கோபம் வந்தால் மனைவி தாய் வீட்டுக்குப் போகமாட்டாள். அவள் இருப்பதே தாய் கொடுத்த வீட்டில்தான். வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பேரில், கிணறு அவள் பேரில், வேலியோரத்து முருங்கைகூட அவள் பேரில். பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்ட வேண்டியவர் மாப்பிள்ளைதான். சுபைறா தன் புருசன் அப்துல் ஸமட்டை அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, வீட்டை விட்டு அனுப்பினாள். கலியாணம் முடித்து இருபத்துநாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அவர் சத்தம் போடவில்லை. இரண்டு சாரன், மூன்று சேட்டு, ஒரு துவாய், எல்லாவற்றையும் சீலைப் பையில் வைத்தார். குசினியில் சொட்டிக்கொண்டிருந்த பைப்பை இறுக்கிப் பூட்டினார். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார். பிறகு சைக்கிளில் ஏறி நிந்தவூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் மனைவி துரத்தியதற்கு டிக்கட் வேறு எடுக்க வேண்டுமா?

ஊர் அவரைக் கஞ்சன் என்று சொல்லும். எச்சில் கையால் காகம் விரட்டாதவர் என்றும் சொல்லும். அது அநியாயம். அவர் விரட்டுவார். விரட்டுமுன் கையை நன்றாக வழித்துச் சாப்பிட்டிருப்பதால் காகத்துக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

பற்பசை முடிந்தால் கத்தரிக்கோலால் பிளந்து இன்னும் நாலு நாள் ஓட்டுவார். தேய்ந்த சவர்க்காரத்தைப் புதுச் சவர்க்காரத்தின் முதுகில் ஒட்டுவார். சோறு அரைப்பதம் வந்ததும் காஸை நிறுத்தி, மூடிமேல் அம்மிக்குழவியை வைக்கச் சொல்வார். உள்ளே இருக்கிற சூடே காணும் என்பார். அந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ்கிறீம் பெட்டிகள் ஒன்பது இருந்தன. ஒன்றிலும் ஐஸ்கிறீம் இல்லை. பெருநாளைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆசையோடு ஒன்றைத் திறந்து, உள்ளே கருவாட்டைக் கண்டு அழுதுகொண்டே போனது. வேலை பார்க்கும் அரசாங்கக் கந்தோரிலும் அவர் இதே ஆள்தான். வந்த கடித உறைகளைப் பிரித்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி ஒட்டி, மறுபடியும் அனுப்புவார். இப்படிச் செய்யுங்கள் என்று அரசாங்கம் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கரண்டு. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் முன்சுவரில் இருக்கும் மீற்றரைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். சுவர்க் கலண்டரில் அன்றைய திகதிக்குள் இலக்கத்தை எழுதுவார். முதல் நாளிலிருந்து எத்தனை யூனிட் ஓடியது என்பதைப் பக்கத்தில் எழுதிச் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். இரண்டு என்றால் முகம் மலரும். மூன்று என்றால் காலைச் சாப்பாட்டோடு விசாரணை நடக்கும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மகள் அம்ஹாவுக்கு வயது பதினெட்டு. மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் இந்தப் பக்கத்தில் ஒரு தகப்பனால் நிம்மதியாகக் கண்மூட முடியாது. வளவின் பின்னால் அந்த வீடு ஆறு வருடமாக ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. சவர்க்காரத்திலும் காஸிலும் பிடித்ததெல்லாம் கல்லாகி அங்கேதான் போயிற்று. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, இன்னொரு மாப்பிள்ளையை வெளியே அனுப்பக்கூடிய வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மிச்சம் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இரண்டு வேலை. மீந்ததும் மிச்சம், அதிகமானதும் மிச்சம். மிச்சம் வெயில் என்பார்கள், மிச்சம் சந்தோசம் என்பார்கள், பொண்ணு மிச்சம் வடிவு என்பார்கள். ஸமட்டின் வாயில் அந்தச் சொல் ஒரு வேலைதான் செய்தது. கலியாணம் முடித்த புதிதில் சுபைறா புதுச் சாரி உடுத்து வந்து எப்படியிருக்கிறது என்று கேட்டாள். "மிச்சம்" என்றார். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். அவர் முந்தானையைப் பிடித்து அளந்து, "இந்தளவு மிச்சம். ஒரு தலையணை உறை தைக்கலாம்" என்றார். அதைக் கேட்டும் அவள் அவரோடு இருந்தாள். இருபத்துநாலு வருடம் இருந்தாள்.

போன மாதம் சுபைறாவின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஆஸ்பத்திரியில் நாலு இரவு வைத்து அதை வெட்டி எடுத்தார்கள். அம்ஹா கூடவே நின்றாள். ஸமட் நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்துக்குத் தவறாமல் ஐஸ்கிறீம் பெட்டியில் கஞ்சியோடு வந்தார். கட்டிலோரம் நின்று, வார்ட்டில் எத்தனை ஃபேன் சும்மா சுற்றுகிறது என்று எண்ணிவிட்டுப் போனார். வெட்டிய கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

சுபைறா இரண்டு ரக்அத் தொழுதாள். தேத்தண்ணி ஊற்றினாள், சீனியை அளக்காமல் போட்டாள். மூன்று கிழமையாக நெஞ்சிலே கிடந்த கல் இறங்கிய சந்தோசத்தில், ஒரு பெண் தன் சாவைப் பற்றிப் புருசனிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டாள்.

"நான் மௌத்தாப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

இதற்கு எத்தனையோ பதில் உண்டு. ஒன்றும் சொல்லாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் போதும். ஸமட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெய்யாகவே யோசித்தார்.

"மாசத்துக்குப் பதினஞ்சி யூனிட் மிச்சமாகும்" என்றார்.

சுபைறா அவரையே பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பகிடி விடுகிற பழக்கமும் அவருக்கு இல்லை.

"இந்த வீடு ஆர்ர பேர்ல இரிக்கி?" என்று கேட்டாள்.

"ஒன்ட பேர்ல."

"அப்ப எழும்புங்க."

அவர் எழும்பினார்.

அன்று பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்ன கையோடு சுபைறா வீட்டில் இருந்த எட்டு பல்பையும் போட்டாள். நாலு ஃபேனையும் சுழல விட்டாள். யாரும் பார்க்காத டிவியை மறுபடி ஓட விட்டாள். "எனக்குப் பதினஞ்சி யூனிட் எண்டு வெல போட்டவருக்கு யூனிட் எண்டா என்னெண்டு காட்டுறன்" என்றாள். சோற்றைக் குழையும்வரை அடுப்பிலேயே வைத்தாள். புதுச் சவர்க்காரத்தைத் தனியாக, பழையது ஒட்டாமல், கிணற்றடியில் வைத்தாள். எட்டு ஐஸ்கிறீம் பெட்டிகளைத் தூக்கி எறிந்தாள். ஒன்பதாவதை எறியவில்லை, செத்தல் மிளகாய் போட வேறு ஒன்றும் இல்லை.

வெளியே தெரிந்தது கோபம். உள்ளே நொந்து போயிருந்தாள். ஃபிரிட்ஜ் இத்தனை யூனிட், இஸ்திரிப் பெட்டி இத்தனை யூனிட், சுபைறா இத்தனை யூனிட். இருபத்துநாலு வருடமும் இந்த மனிதர் தன்னை இப்படித்தான் பார்த்தாரா? ஒருநாளாவது வேறு மாதிரிப் பார்த்தாரா இல்லையா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. தெரியாவிட்டால் அவருக்கு இந்தப் படலை திறக்காது. அதில் அவள் உறுதியாக இருந்தாள்.

புதன் காலை படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. ஸமட் கந்தோருக்குப் போகும் வழியில் இறங்கி நின்றார். உள்ளே வரவில்லை. ஸலாம் சொன்னார். எட்டி மீற்றரைப் பார்த்து, "மகள், எழுதிக்க" என்று இலக்கத்தைச் சத்தமாகச் சொன்னார். போய்விட்டார். அம்ஹா எந்தப் பக்கமும் சாயாத பிள்ளை. கலண்டரில் எழுதி, கழித்துப் பார்த்து, சிவப்பில் வட்டமிட்டாள்.

"எத்தின?" என்று குசினியிலிருந்து சுபைறா கேட்டாள்.

"அஞ்சி."

"காணா, இன்னும் ஓடட்டும்" என்றாள் சுபைறா.

வியாழன் ஆறு. வெள்ளியும் ஆறு. ஸமட் ஒவ்வொரு காலையும் வந்தார், பார்த்தார், இலக்கத்தைச் சொன்னார், போனார். ஏன் இவ்வளவு ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது சுபைறாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளி பின்னேரம் கனகாம்பிகை வந்தாள். காரைதீவுக்காரி, ஸமட்டோடு ஒரே கந்தோரில் வேலை. நோயாளியைச் சுகம் விசாரிக்கக் கதலிப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தாள். சுகம் விசாரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஸமட் சேருக்கு என்ன நடந்த? நேத்து ஒரு பக்கம் வெறுமையாக் கிடந்த தாளக் கசக்கிக் கூடைக்குள்ள போட்டுட்டார். கந்தோரே பயந்து போச்சு."

"போடட்டும்" என்றாள் சுபைறா.

"ஃபேன ஓட விட்டுட்டு வீட்ட போயிற்றார்."

"ஓடட்டும். அரசாங்கத்துக் கரண்டுதானே."

கனகாம்பிகை பட்டப்பகலில் எரிந்த எட்டு பல்பையும் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தான் என்று நினைத்திருப்பாள்.

சனிக்கிழமை கந்தோர் இல்லை. ஆனாலும் சைக்கிள் மணி கேட்டது. இலக்கம் வந்தது. அம்ஹா வட்டமிட்டாள். ஏழு.

சுபைறா கையைத் துடைத்துக்கொண்டு கலண்டரடிக்கு வந்தாள். வரிசையாக நின்ற நாலு வட்டத்தையும் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"கரண்டு எடுத்த நாளையில இரிந்து இந்த வீட்டில இப்பிடி எரிஞ்சிரிக்கா? சொல்லு பாப்பம்."

"எரிஞ்சிரிக்கி உம்மா" என்றாள் அம்ஹா.

அவள் போன மாதத்துத் தாளைப் புரட்டிக் காட்டினாள். இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று போன வட்டங்களுக்கு நடுவில் நாலு வட்டங்கள் தனியாகத் தெரிந்தன. ஆறு, ஏழு, ஆறு, ஏழு. ஸமட்டின் எழுத்து. கூட்டிப் பார்த்தால் சுபைறாவை விட இரண்டு யூனிட் கூட.

பிழையாக எழுதியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஸமட் எதில் பிழை விட்டாலும் மீற்றரில் விடமாட்டார். திகதியைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு இரவும் அதுதான்.

"நீ வீட்ட வந்து எல்லாத்தையும் போட்டயா?"

"நான் ஒங்களோட வார்ட்டிலயெல்லுவா இரிந்த."

சுபைறா கதிரையை இழுத்து இருந்தாள். ஒரு நாளில் ஆறு ஏழு யூனிட் எரிப்பது லேசான வேலையில்லை. அது அந்த ஊரில் வேறு யாரையும் விட அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். எட்டு பல்பும் நாலு ஃபேனும் டிவியும் மஃரிபிலிருந்து விடியும்வரை ஓட வேண்டும். ஒன்றைக்கூட நிறுத்தக்கூடாது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு ஆள். அதுவும் எந்த ஆள்!

ஞாயிறு காலை மணி அடிக்குமுன்பே அவள் படலையடியில் நின்றாள். கையில் போன மாதத்துத் தாள். ஸமட் சைக்கிளை விட்டு இறங்கி ஸலாம் சொன்னார். அவள் மீற்றரை மறைத்துக்கொண்டு நின்றதால் கொஞ்சம் தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"மீற்றரப் பொறகு பாக்கலாம். இது என்ன?"

அவர் தாளைப் பார்த்தார். "போன மாசத்துக் கணக்கு."

"இந்த நாலு நாளும் வீட்ட ஆர் இரிந்த?"

"நான்தான்."

"தனி ஆளுக்கு ஏழு யூனிட்டா?"

கணக்குப் பரிசோதகர் முன்னால் நிற்கிறவர்போல் ஸமட் நின்றார். "எல்லா லைட்டையும் போட்ட நான்" என்றார். "ஃபேனையும்."

"ஒரு ஆளுக்கு நாலு ஃபேன் என்னத்துக்கு?"

"சத்தத்துக்கு."

"என்ன சத்தத்துக்கு?"

"வீட்டில ஒரு சத்தமும் இல்ல" என்றார். படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மிச்சம் பயந்திட்டன் புள்ள."

இருபத்துநாலு வருடப் பழக்கத்தில், என்ன மிச்சம், எவ்வளவு மிச்சம் என்று அவர் சொல்லும்வரை சுபைறா காத்து நின்றாள். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல் இந்தத் தடவை அதன் மற்ற வேலையைச் செய்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கண் நிறைந்து வந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்ன?"

"நீ கேட்ட, நான் கணக்குப் பாத்த" என்றார். "மத்ததக் கணக்குப் பாக்க ஏலல்ல."

அவள் படலையைத் திறந்தாள். அவர் சைக்கிளை உள்ளே உருட்டியபோதுதான் ஹாண்டிலில் சீலைப் பை தொங்குவதைக் கண்டாள். சாரன், சேட்டு, துவாய், கொண்டுபோனது எல்லாம் அதற்குள் இருந்தன.

"நான் கூப்பிடுவன் எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியா. ஒவ்வொரு நாளும் கொண்டுதான் வந்த நான்" என்றார் ஸமட். "நீ கூப்பிட்டா, பைய எடுக்கத் திருப்பி நிந்தவூருக்குப் போற வேல மிச்சம்."

முன் விறாந்தையில் வெயில் நேராக அடித்தது. அந்த வெயிலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. படியேறும்போது ஸமட்டின் கண் அதில் பட்டது. கை தன்பாட்டில் சுவிச்சுக்கு உயர்ந்தது. பாதியில் நின்றது. அவர் கையை இறக்கிச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எரியட்டும்" என்றார்.

"பொழுது விடிஞ்சி எவ்வளவு நேரம், என்னத்துக்குச் சும்மா எரியிற?" என்று சொல்லிச் சுபைறா அதை நிறுத்தினாள்.