வண்டிக்கு வயசாகவில்லை

சம்பளம் வர இன்னும் பதினேழு நாள் இருந்தது. சமையலறை மேடையில் நான்கு பிளாஸ்டிக் குப்பிகள் வரிசையாக நின்றன. எண்ணெய் மாதிரிகள் எடுப்பதற்காக அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் அகன்ற வாய்க் குப்பிகள். மேலாளரிடம் கேட்டுப் புதிதாக வாங்கி வந்தவை. ஒவ்வொன்றிலும் அவள் கையால் சீட்டு ஒட்டியிருந்தாள்: வாடகை, மின்சாரம், சாப்பாடு, பஸ். வீட்டில் மிஞ்சிய பணம் மொத்தமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டது.

"விஞ்ஞானி, காபிக்குக் குப்பி இல்லையா?" என்றான் கணவன்.

"காபி சாப்பாட்டுக்குள்ள வரும்."

"அப்ப சாப்பாட்டைத் திற, ஒரு கப் குடிச்சுட்டு வரேன்."

"வீட்டுலயே போட்டுத் தரேன், உக்காருங்க. கடைக் காபி எல்லாம் பதினேழு நாளைக்கு அப்புறம்."

அவன் சிரித்தான். கை காலியாக இருக்கும்போதும் அவனால் சிரிக்க முடிந்தது. அதுதான் அவளை இன்னும் குத்தியது.

வீடு மாறுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி இறக்குவது அவன் தொழில். முதலாளி அவன், வேலையாளும் அவன், இருப்பது ஒரே ஒரு வண்டி. போன வாரம் யாரோ ஒருவருடைய பீரோவோடு அது நடுரோட்டில் இருமியது, புகை கக்கியது, படுத்துவிட்டது. அதை எழுப்பியதில் சேமிப்பு வழித்துத் துடைத்தாற்போல ஆயிற்று.

வண்டி ஏன் படுத்தது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று, அவள். இன்னொன்று, மெக்கானிக்.

முந்தின நாள் அவனுக்கு முதுகு வலி. பாவம், படுத்திருக்கட்டும் என்று அவளே வண்டியை எடுத்துக்கொண்டு போய் டேங்கை நிரப்பி வந்தாள். அந்த பங்க்கில் நாமேதான் குழாயை எடுத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். பாதி எழுதிய அறிக்கை ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க, கைக்கு வந்த குழாயை எடுத்தாள். மறுநாள் வண்டி நின்றதும் அவன் பீரோவுக்கு வேறு வண்டி தேடி ஓடினான். இழுத்துப்போன வண்டியோடு பட்டறைக்குப் போனவள் அவள்தான். மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். அவளும் ஒரு தடவை மோந்து பார்த்தாள். இரண்டாம் தடவை தேவைப்படவில்லை. டீசல் வண்டிக்குள் பெட்ரோல்.

"அக்கா, நீங்க எங்க வேலை பாக்குறதா சொன்னீங்க?"

"எரிபொருள் பரிசோதனைக் கூடத்துல."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தான். சீட்டைப் படிக்காமல் குப்பியைத் தொடாதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவள் அவள். அது அவனுக்குத் தெரியாது; தெரியாதவரை நல்லது.

"தம்பி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கிறேன்."

மெக்கானிக் நல்ல மனுஷன். கணவன் வந்து கேட்டபோது, "வண்டிக்கு வயசாச்சு அண்ணே" என்று பட்டும் படாமல் முடித்துக்கொண்டான். அந்த நல்ல மனசுதான் வம்பாகிவிட்டது.

கணவனுக்கு முடிவெட்டும் செலவை மிச்சம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை அவளே கத்தரிக்கோலை எடுத்தாள். இடது பக்கம் ஏறியது. அதற்குச் சமமாக வலது பக்கத்தை ஏற்றினாள். பிறகு இடது பக்கம் இறக்கமாகத் தெரிந்தது.

"வண்டிய வித்துடலாம்னு பாக்குறேன்" என்றான் அவன் கண்ணாடியைப் பார்த்தபடி.

கத்தரிக்கோல் காதோரம் நின்றது. "ஏங்க? இப்ப நல்லாத்தானே ஓடுது."

"இன்னைக்கு ஓடுது. அடுத்த மாசம் மறுபடி படுத்தா, உன் நாலு குப்பியையும் கவுத்தாலும் பத்தாது. மார்க்கெட்டுக்கு வண்டி தேடுற காய்கறிக்காரர் நாளைக்கு வந்து பாக்குறேன்னாரு. அண்ணன் கடையில ஆள் வேணுமாம்."

"உங்க அண்ணன் கடையா? அங்க மூணு நாள் தாங்க மாட்டீங்க."

"மூணு நாள்தான் கஷ்டம். அப்புறம் காது மரத்துடும்."

வாய் சிரித்தது, கண்ணாடியில் தெரிந்த கண் சிரிக்கவில்லை. அந்தக் கடையில் ஏழு வருஷம் டைல்ஸ் அடுக்கி, ஏச்சு வாங்கி, அந்தச் சம்பளத்தில் வாங்கிய வண்டி அது. வாங்கிய அன்று, காயாத துணியை எடுக்கிற சாக்கில் மூன்று தடவை மாடிக்குப் போய் அதை எட்டிப் பார்த்தவன் அவன்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கணும்" என்றுதான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது காய்கறிக்காரர் வாசலில் இருந்தார். டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தலைக்கு என்ன தம்பி ஆச்சு?"

"சிக்கனம்ணே."

"வண்டிக்கும் அதே கதைதான். மெக்கானிக்கே வயசாச்சுன்னு சொல்லிட்டாராமே." அவர் ஒரு தொகை சொன்னார். டயரும் கண்ணாடியும் மட்டுமே அந்த விலைக்குப் போகும்.

பேரம் பேசுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் வண்டியின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு, சட்டைப் பையில் சாவியைத் தேடினான்.

"குடுக்காதீங்க" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"நேத்தே பேசிட்டோமேம்மா. ஓடாய்த் தேஞ்ச வண்டி, இதை வெச்சுக்கிட்டு…"

"அதுக்கு வயசாகல. அது மேல ஒரு தப்பும் இல்ல."

"உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

காய்கறிக்காரர் சாவிக்காக நீட்டிய கையை மடக்காமலே நின்றார். அவள் தோள்பையை இறக்கித் தரையில் வைத்தாள். பிறகு, ஆய்வுக்கூடத்தில் முடிவை வாசிக்கிற அதே குரலில் சொன்னாள்.

"டீசல் டேங்க்ல பெட்ரோல் ஊத்தினது நான்தாங்க."