சாகர நகரில் வாய் நனைக்காதவர்

இறுப்பிட்டிக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வல்லிபுரத்தார் தம்முடைய சகலன் பாலசிங்கத்தின் மேல் மனப்பூர்வமாக அன்பு வைத்திருந்தது ஒரேயொரு வருடம்தான். அது எண்பத்துமூன்று. தெற்கே காலி நகரில் இருந்த கடை கலவரத்தில் எரிந்துபோக, உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்து இறங்கிய பாலசிங்கத்தைக் கண்டதும் வல்லிபுரத்தாருக்குக் கண் கலங்கியது. இரண்டு சாரம் கொடுத்தார். சீனியும் மாவும் கட்டிக் கொடுத்தார். கடைக்கு வந்த எல்லோரிடமும், பாவம் மனுசன், இருந்த இருப்பென்ன வந்த வரவென்ன என்று சொல்லிச் சொல்லி உருகினார். அந்த உருக்கத்தில் அவருடைய உடம்புகூடக் கொஞ்சம் தேறியது.

மறுவருடம் பாலசிங்கத்தின் மூத்த மகன் ஜேர்மனிக்குப் போனான். வல்லிபுரத்தாரின் அன்பு வற்றத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் பாலசிங்கம் வந்து, வாங்கிய இரண்டு சாரத்துக்குப் பதிலாக நாலு புதுச் சாரங்களை, சுற்றிய தாளைக்கூடப் பிரிக்காமல், கதிரையில் வைத்துவிட்டுப் போனார். ஊர் அதை நன்றி என்றது. வல்லிபுரத்தார் அப்படி எடுக்கவில்லை. மனைவி மீனலோசனியைக் கூப்பிட்டு, இனிச் செத்தாலும் அந்த மனுசனுடைய வீட்டுப் பச்சைத் தண்ணீர் தம்முடைய வாயில் படாது என்று அறிவித்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் கௌரவமான பகைக்கு அதுதான் முறை. பகையாளியின் வீட்டுக்குப் போகலாம், பக்கத்தில் இருந்து சிரிக்கலாம், செத்த வீட்டில் அழவும் செய்யலாம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கக்கூடாது.

"அவையளுக்கு வீடே இல்லை. கொட்டிலிலை எல்லோ இருக்கினம்," என்றாள் மீனலோசனி. பாலசிங்கத்தின் மனைவி சறோஜினிதேவி அவளுடைய சொந்த அக்கா.

"கட்டுவினம்," என்றார் வல்லிபுரத்தார். பொறாமைக்காரருக்கு வருங்காலம் நன்றாகத் தெரியும்.

கட்டினார்கள். அதுவும் ஊரில் அல்ல. ஊர்காவற்றுறைக்கு அப்பால் சவுக்குமரம் நட்ட கடற்கரை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தார் வான் பிடித்து வந்து குளிப்பார்கள். அவர்களுக்காக ஒரு விடுதியும் ஐஸ்கிறீம் கடையும் வந்திருந்தன. அதற்குப் பக்கத்தில் வெறும் மணலாய்க் கிடந்த நிலத்தைத் தென்பகுதியிலிருந்து திரும்பிய முதலாளிமார் சிலர் சேர்ந்து வாங்கி, சிங்கப்பூர் பார்த்த ஒரு இஞ்சினியரைக் கொண்டு கோடு கீறி, 'சாகர நகர்' என்று பெயர் வைத்தார்கள்.

பாலசிங்கத்தின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு அழைப்பு வந்தது. கூடவே சறோஜினிதேவி தங்கச்சிக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தாள். தாங்கள் பிறந்த தாய்வளவுக் கிணற்றில் ஒரு கலன் தண்ணீர் அள்ளி வரவேண்டுமாம். அம்மா புழங்கிய தண்ணீரில் பால் காய்ச்சினால்தான் தனக்கு மனம் ஆறுமாம். அக்காவுக்கு நகையும் தங்கச்சிக்குக் கிணற்றோடு வளவும் என்று அந்தக் காலத்தில் சீதனம் பிரித்தபோது, கிணறு கிடைத்ததை வல்லிபுரத்தார் ஒரு குறையாகவே நினைத்தவர். இப்போது அந்தக் குறையை வெள்ளைப் பிளாஸ்டிக் கலனில் நிரப்பி, வேட்டி நனைய நனைய, வங்களாவடிச் சந்தியில் பஸ் மாறித் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மற்றச் சொந்தக்காரர் மோதிரத்தோடு போவார்கள். தாம் தண்ணிக்காரன் மாதிரிப் போகிறோம் என்று வழியெல்லாம் வெந்தார்.

சாகர நகரின் வாசலில் ஒரு வளைவு. அதன் இரண்டு பக்கமும் சீமெந்தில் பாய்கிற மீன்கள், வயிறு வைத்த முதலாளிமார் மாதிரி. உள்ளே தெருக்களுக்குப் பெயர் இருந்தது. வீடுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே முகம். கிடுகு வேலி கட்டக்கூடாது, கோழி வளர்க்கக்கூடாது, தெருப்பக்கம் உடுப்புக் காயவிடக்கூடாது என்று பலகை தொங்கியது. ஒரு குறையாவது அகப்படாதா என்று தேடி வந்த வல்லிபுரத்தார் அந்தப் பலகையை இரண்டு தரம் வாசித்தார். கூடாதவற்றை எழுதி வைக்கிற அளவுக்கு இவர்கள் வளர்ந்துவிட்டார்களே என்றிருந்தது.

வளைவடியில் நெடுந்தீவு இராசநாயகத்தாரும் ஒரு கலனோடு நின்றார். மகள் வீட்டுக்கு வந்தவராம், ஊர்க் கிணற்றுத் தண்ணீராம், சாமிக்காம். எதிர்த் தெருவிலும் ஒரு மாமனார் கலனோடு போய்க்கொண்டிருந்தார். வேறொருவராயிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். வல்லிபுரத்தார் கலன்களின் அளவைத்தான் பார்த்தார். இராசநாயகத்தாருடையது பெரிது.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோரும் வீட்டு ராசி என்றார்கள். தண்ணீர் கொண்டுவந்தவரை ஒருவரும் நினைக்கவில்லை. பிறகு தட்டத்தில் சோடாப் போத்தல்கள் வந்தன. எவருக்கும் தேத்தண்ணீர் இல்லை. சோடா கடைச் சரக்கு, அந்த வீட்டுத் தண்ணீரில் சேராது என்று தமக்குத் தாமே தீர்ப்பு வழங்கிவிட்டு வல்லிபுரத்தார் இரண்டு போத்தல் குடித்தார். வந்த சனம் முழுவதற்கும் சோடா உடைக்கிற திமிரை நினைக்க அவருக்குப் புளித்த ஏவறை வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் வயிறு சரியில்லை என்று சாட்டுச் சொல்லிவிட்டார். பாலசிங்கம் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வெறும் காணியைக் காட்டினார். அதுவும் தன்னுடையதுதான் என்றார். நடுவில் நின்ற உயரமான தண்ணீர்த் தாங்கியைக் காட்டி, குழாய் வீட்டுக்குள்ளேயே வரும், நகரத்தின் வடிவு கெடும் என்று கிணறு தோண்ட விடுவதில்லை என்றார். வல்லிபுரத்தார் தாங்கியை அண்ணாந்து பார்த்தார். கிணறு இல்லாமல் வாழ்கிற அளவுக்குப் பெரிய மனிதர்கள்!

"இராசநாயகத்தாரும் இந்தத் துண்டைக் கேக்கிறார், தம்பி," என்றார் பாலசிங்கம். "நான் இன்னும் வாய் திறக்கேல்லை."

இராசநாயகத்தாரின் பெரிய கலன் வல்லிபுரத்தாரின் கண்முன் வந்தது. "என்ன விலைக்கு அண்ணை?"

"உம்மட்டை விலை பேசுறதே? உங்கடை இறுப்பிட்டி வளவை எங்கடை பேருக்கு மாத்தி எழுதுவம். சறோஜினிக்குத் தாய்வளவு எண்டு ஒரு பைத்தியம்."

நாலு பனையும் ஒரு பழங்கிணறும் கிடக்கிற வளவுக்கு, கடற்கரையில், பெயர் வைத்த தெருவில் ஒரு காணி! இந்த மனுசன் காலியில் எப்படித்தான் கடை நடத்தினாரோ என்று வல்லிபுரத்தார் உள்ளுக்குள் சிரித்தார். சகலனை ஏமாற்றப் போகிற மகிழ்ச்சியில், எண்பத்துமூன்றுக்குப் பிறகு முதல் தடவையாக அவர்மேல் மீண்டும் ஒரு பாசம் சுரந்தது.

திரும்பும் பஸ்ஸில் மீனலோசனிக்கு விஷயத்தைச் சொன்னார்.

"நான் அங்கை கை கழுவினனான்," என்றாள். "சவுக்காரம் நுரைக்கேல்லை."

"அது ஜேர்மன் சவுக்காரம். நல்ல சாமான் நுரைக்காது."

"வாயும் கொப்பளிச்சனான். கடல் தண்ணி மாதிரிக் கிடந்தது. குசினியிலை அக்கா எங்கடை கலனைத்தான் ஒளிச்சு வைச்சு எனக்குத் தேத்தண்ணி போட்டவ. நீங்கள் அந்தக் குழாயிலை ஒரு மிடறு குடிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

"நான் அந்த வீட்டிலை குடிக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே."

"அதைத்தான் சொல்லுறன்."

வல்லிபுரத்தார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். கூடப்பிறந்தவள்மேலேயே இப்படி எரிச்சல் பிடிக்கக்கூடாது, மனிதருக்குப் பொறாமை ஆகாது என்று வேலணை தாண்டும்வரை புத்தி சொன்னார்.

வளவு அவள் பெயரில் இருந்தது. அவர் பேச்சை நிறுத்தினார். பிறகு இராச்சாப்பாட்டை நிறுத்தினார். பேச்சு நின்றதை அவள் பொறுத்துக்கொண்டாள். ஆக்கிய சோறு மிஞ்சியதைப் பொறுக்க ஏலவில்லை. கையெழுத்து வைக்கும்போது, "பிறகு உப்பெண்டு என்னட்டை வராதையுங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

சாகர நகரில் வீடு கட்டப்பட்டது. அந்த வேலை நடந்த காலம் முழுவதும் அவர் மேசன்மாரைப் பார்க்க வந்து, பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்காமல், ஐஸ்கிறீம் கடைச் சோடாவிலேயே உயிர் வளர்த்தார்.

அவருடைய குடிபூரலுக்குச் சாகர நகர் முழுவதும் வந்தது. இறுப்பிட்டியிலிருந்தும் பஸ் நிறையச் சனம். வந்தவர்களின் முகம் கறுப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறைந்துபோய் நின்றவரிடம் பாலசிங்கம் ஒரு கலனைக் கொண்டுவந்து நீட்டினார். இறுப்பிட்டி வளவுத் தண்ணீர், பாலுக்கு என்று சறோஜினி தந்துவிட்டாளாம்.

அது இப்போது பாலசிங்கத்தின் கிணறு. பாலசிங்கத்தின் தண்ணீர்.

"இஞ்சை குழாய் இருக்கு, அண்ணை," என்றார் வல்லிபுரத்தார், எல்லோருக்கும் கேட்க.

சாகர நகர்க்காரர் ஆளையாள் பார்த்தார்கள். இராசநாயகத்தார் இருமினார். ஐயர் கலனையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வல்லிபுரத்தாரருகே குனிந்து, "இஞ்சை எல்லாரும் கொண்டுதான் வாறவை," என்று மெதுவாகச் சொன்னார். வல்லிபுரத்தார் நிமிர்ந்தே நின்றார். குழாய் திறக்கப்பட்டது.

பால் பொங்கவில்லை. ஓரத்தில் ஒரு வெடிப்பு விழுந்தது. பிறகு பானைக்குள் பால் வேறு, நீர் வேறாகத் திரைந்து, அழுக்குப் பஞ்சு மாதிரி மிதந்தது. இறுப்பிட்டிச் சனத்தின் முகங்களில் போன வெளிச்சம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. சிலர் அவரை அன்போடுகூடப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். எண்பத்துமூன்றில் அவர் பார்த்த பார்வை அது.

எல்லோரும் போன பிறகு குழாயடியில் நின்று ஒரு மிடறு குடித்தார். துப்பினார். மீனலோசனிக்கு வேறு வேலை இருந்தது. நுரைக்காத சவுக்காரத்தால் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை சாகர நகரின் வளைவுக்குள் ஒரு உழவு இயந்திரம் பெரிய தாங்கியை இழுத்துக்கொண்டு வந்தது. இறுப்பிட்டிக் கிணற்றில் பாலசிங்கம் மோட்டர் பூட்டியிருந்தார். கடை நடத்தத் தெரிந்த மனுசன்தான். வீட்டுக்கு வீடு காசும் கலனுமாக ஓடி வந்தார்கள். இனி ஊரிலிருந்து மாமனார்மார் தூக்கிவரத் தேவையில்லை. வல்லிபுரத்தாரும் தம்முடைய பழைய வெள்ளைக் கலனோடு வரிசையில் நின்றார்.

"நீர் ஏன் தம்பி வரிசையிலை நிக்கிறீர்?" என்றார் பாலசிங்கம். "உங்கடை கிணறு மாதிரி எல்லோ. காசு வேண்டாம், பிடிச்சுக்கொண்டு போம்."

வல்லிபுரத்தார் மடியை அவிழ்த்துக் காசை எடுத்து நீட்டினார். பாலசிங்கம் வாங்க மறுத்தார். இவர் கலனை நீட்ட மறுத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் பாலசிங்கம் தலையை ஆட்டிக்கொண்டு காசை வாங்கிப் பைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு செம்பில் வார்த்து நின்ற நிலையிலேயே குடித்து முடித்தார் வல்லிபுரத்தார். மீனலோசனி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தாள். தாயும் அவளும் ஆயுள் முழுக்க அள்ளிய தண்ணீர் அது.

"எப்பிடி இருக்கு?" என்றாள்.

அவர் வாயைத் துடைத்தார். "கடைச் சரக்குத்தானே," என்றார். "பரவாயில்லை."