எர்லிந்தாவுக்குப் பிடித்தது

மனைவி எர்லிந்தாவின் ஸ்வெட்டர்களை வகுப்பறை அலமாரியிலிருந்து எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார் ரோல்ஃப். கதவு திறந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் தலைமையாசிரியை மார்கிட்டும் நின்றார்கள்.

"மன்னிச்சுக்குங்க ரோல்ஃப். நீங்க போயிருப்பீங்கன்னு நினைச்சேன். பிள்ளைங்க அவங்க படங்களை எடுத்துக்க வந்தாங்க."

முந்தாநாள் காலை காபி ஊற்றும்போது சரிந்து விழுந்த எர்லிந்தா எழவேயில்லை. நாளை அடக்கம். மினசோட்டாவின் அந்தச் சின்னப் பள்ளிக்கு அவள்தான் ஸ்பானிஷ் டீச்சர். இன்று அவள் வகுப்பில், அவள் பிறந்த மெக்ஸிகோவின் இறந்தோர் திருநாள் நடந்திருக்க வேண்டும். மார்கிட் போனில் கேட்டபோது, "வேண்டாம், சின்னப் பிள்ளைங்க, நிறுத்திடுங்க" என்று சொன்னவர் ரோல்ஃப்தான். வீட்டிலும் வருஷா வருஷம் எர்லிந்தா தன் அப்பா படத்துக்குப் பூவும் சாப்பாடும் வைக்கையில் அவர் கார் ஷெட்டுக்குப் போய்விடுவார். அவர் வளர்ந்த வீட்டில் செத்தவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை.

பிள்ளைகள் ஜன்னலோர மேஜையையே பார்த்தார்கள். திருநாளுக்காக அவர்கள் கொண்டுவந்த, செத்துப்போனவர்களின் படங்கள் அங்கே இருந்தன. டிராக்டரில் ஒரு தாத்தா, ஒரு பூனை.

"அதையும் எடுத்துட்டுப் போயிடுவீங்களா?" என்றாள் டெஸ் என்ற சிறுமி. "எங்க பூனை அங்க இருக்கு."

"இல்லம்மா. அது உங்களோடது."

"அப்ப டீச்சர் படத்தை யார் வைப்பா?"

"டெஸ்," என்றார் மார்கிட் மெதுவாக.

ரோல்ஃப் பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். உறைந்த ஏரியில் மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் எர்லிந்தா. படத்தைப் பூனைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றாள் டெஸ். "செத்தவங்க இன்னைக்குத் திரும்பி வர்றப்ப பசியோட வருவாங்கன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

அவர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சை இடித்தது.

"மாம்பழத்துல மிளகாய்த்தூள் போட்டு. அப்புறம் நான் சுடற பான்கேக். கருகினதுதான் வேணும்னு சொல்லுவா."

"கருகினதா?"

"எனக்கு அப்படித்தான் வரும். கல்யாணமான புதுசுல, பிடிச்சிருக்குன்னு வாய்தவறிச் சொல்லிட்டா. கடைசி வரைக்கும் அதையே தின்னா."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். மார்கிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரோல்ஃப், இவங்க திருநாளை ஆரம்பிக்கட்டுமா?"

"ஆரம்பிக்கட்டும்."

டெஸ் ஆரஞ்சுக் காகிதக் கட்டோடு வந்தாள். "படங்களுக்கு வைக்கச் செண்டுமல்லி நிறைய செய்யணும். விசிறி மாதிரி மடிங்க."

அவருடைய தடித்த விரல்களில் காகிதம் கிழிந்தது.

"பரவால்ல, நிறைய இருக்கு," என்று இன்னொன்றைத் தள்ளினாள்.

ரோல்ஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மறுபடி மடிக்கத் தொடங்கினார்.