இரண்டாவது நெட்வொர்க் கார்டு

1999-ம் வருடம். ஆழ்வார்பேட்டை அலுவலகத்தில் இருந்தபடியே ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையின் சர்வரைத் திறக்க ஜுவேரியா காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சர்வரின் பெயரைத் தட்டினால் இணைப்பே கிடைக்கவில்லை. பட்டறையில் இருந்த கிரீஷ், "சர்வர் நல்லாத்தான் கீது சார், அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியல" என்று மேனேஜரிடம் போனில் சொல்லிவிட்டான். அவர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார்.

அவள் கிரீஷைப் போனில் பிடித்தாள்.

"சர்வருக்குப் பின்னால எத்தனை நெட்வொர்க் ஒயர் போகுது?"

"ரெண்டு. பட்டறை கம்ப்யூட்டருங்களுக்கு நேத்து இன்னொரு கார்டு போட்டேன்."

"யார்கிட்ட சொன்ன?"

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சர்வருக்கு இப்போது இரண்டு நெட்வொர்க் முகவரிகள். பெயரைத் தட்டினால் புது முகவரிக்குப் போனது. அது பட்டறைக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அவள் பழைய முகவரியின் எண்களையே நேராகத் தட்டினாள். திரை திறந்துகொண்டது.

"வந்துச்சா? சின்ன மேட்டர், விடு."

"சின்ன மேட்டரா? மேனேஜர்கிட்ட நீயே சொல்லு."

அழைப்பை மேனேஜருக்கு மாற்றிவிட்டு அவர் எதிரே போய் நின்றாள். கேட்டு முடித்தவர், "சரிம்மா, உன் தப்பு இல்ல" என்று முணுமுணுத்தார்.

"திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சு சார். இதையும் சத்தமா சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று சொன்னார். அப்போதும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.