யார் எழுதிய கதை

வாசிப்புக் கூட்டம் தொடங்க அரை மணி நேரம்கூட இல்லாதபோது கவிஞர் யோஸ்தைன் வந்து தோருனின் கையைப் பிடித்து, நூலகத்தின் பின்னறைக்கு இழுத்துப்போனார்.

"அந்தப் பொண்ணோட கதைய எடுத்துடு. இல்லேன்னா என் கவிதையும் வராது."

தோருனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடக்க முடியாததை நடந்ததாகச் சொல்லும் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் என்றே அவள் பெர்கன் நகரில் ஓர் இதழ் நடத்திவந்தாள். பேர்பெற்றவர்களும் புதியவர்களும் அதில் அருகருகே வருவார்கள். இந்த இதழுக்குப் பெரிய பேர் யோஸ்தைன். புதியவள் மாரென், இருபத்திரண்டு வயது.

"ஏன், என்ன ஆச்சு?"

"அது அவ எழுதினதில்ல, ஏ.ஐ. மெஷின் எழுதினது. ஒரு பிசிறு இருக்கா, காட்டு பாப்போம். அந்த வயசுல நான் எழுதினதெல்லாம் சுத்தக் குப்பை."

"உங்களுக்கு வரலேன்னா அவளுக்கும் வராதா?"

"கிண்டல் பண்ணாத. நாளைக்கு உன் பேரும் சேர்ந்து நாறும்."

வெளியே நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. நனைந்த கோட்டுகளின் வாடையும் காப்பி மணமும் உள்ளே வந்தன. தோருன் மாரெனின் கதையை நினைத்துப்பார்த்தாள். ஒரு நாள் காலையில் துறைமுகத்துக் கடல் வற்றிப்போகிறது. மூழ்கிய மகனின் படகைத் தேடி ஒரு தாய் சேற்றில் இறங்குகிறாள். அந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது, இந்தச் சின்னப் பெண்ணா இதை எழுதினாள் என்று தோருனுக்கும் ஒரு கணம் தோன்றியதே!

தோருன் அரங்குக்கு வந்தாள். மாரென் சன்னல் ஓரம் காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாரென், கதையோட பழைய வரைவு ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "யாரு கேக்கச் சொன்னா? அவரா?"

"காட்டிட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்மா."

"எல்லாம் போன்லயே இருக்கு. ஆனா காட்ட மாட்டேன். அவர்கிட்ட வரைவு கேட்டீங்களா?"

மாரென் முன்வரிசையைக் காட்டினாள்.

"எங்கப்பா தீவுலேர்ந்து படகேறி வந்து முன்வரிசையில உக்காந்திருக்காரு. அவரு முன்னாடி என்னைத் திருடின்னு சொல்லப் போறீங்களா? சொல்லிடுங்க, நான் இப்பவே கிளம்பறேன்."

தோருன் நேரே மேடையேறினாள். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். யோஸ்தைன் நடுவரிசையில் கைகட்டி உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"ஒருத்தர் எழுதினதை அவங்கதான் எழுதினாங்களான்னு சந்தேகம் வந்திருக்கு," என்றாள். "பெரியவங்ககிட்ட கேக்காத கேள்வியை நான் சின்னவங்ககிட்ட கேட்டுட்டேன். அது தப்பு. முதல்ல மாரென் வாசிப்பா."

யோஸ்தைன் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. வாசலை நோக்கி நடந்தார். அவருக்காகவே வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். அரங்கில் பாதி காலி. போச்சு, இந்த இதழோடு எல்லாம் போச்சு என்று தோருன் நினைத்துக்கொண்டாள்.

மாரெனின் குரல் தொடக்கத்தில் நடுங்கியது. ஒரு வரியை இரண்டு முறை வாசித்தாள். அந்தத் தாய் சேற்றில் கால் வைத்த இடத்தில் நடுக்கம் நின்றது. யாரும் இருமக்கூட இல்லை. முன்வரிசையில் அவளுடைய அப்பா தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

வாசித்து முடித்துக் கைத்தட்டல் எழும்போதுதான் தோருன் கவனித்தாள். கோட்டு மாட்டும் இடத்தருகே யோஸ்தைன் நின்றிருந்தார். ஒரு கை கோட்டுக்குள், மறு கை வெளியே. போனவர் போகவில்லை.

அவர் மெல்ல மேடைப்பக்கம் வந்தார். தோருன் இடையில் போய் நிற்கலாமா என்று யோசிப்பதற்குள் மாரெனிடம் பேசிவிட்டார்.

"அந்த அம்மா படகோட பேசுற இடம் நீளமா இருக்கு. அதை வெட்டிடு."

"வெட்ட மாட்டேன்," என்றாள் மாரென்.

"நல்லா யோசிச்சுப் பாரு. வெட்டினா கதை இன்னும் கச்சிதமா வரும்."

"கச்சிதமா வரட்டும், எனக்கென்ன? அவங்க பேசணும். மகன்கிட்ட வேற எப்போ பேசுவாங்க?"

யோஸ்தைன் பாதி மாட்டியிருந்த கோட்டைக் கழற்றினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. தோருன் பக்கம் திரும்பினார்.

"பிடிவாதக்காரி. மெஷின்னா சொன்னதும் வெட்டியிருக்கும். இவதான் எழுதியிருக்கா," என்றார். "சரி, என் கவிதையை எப்போ வாசிக்கணும்?"