எந்தக் கை?

இந்தக் காலத்தில் எவனுக்கும் எதுவும் தெரிவதில்லை. தெரியாததை நம்மிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு நம்மிடமே கூலியும் வாங்கிக்கொள்கிறார்கள். செருப்புக் கடைக்காரன் காலைப் பார்க்காமலே "என்ன அளவு?" என்கிறான். கரன்ட் ரிப்பேருக்கு வந்தவன் உள்ளே நுழைந்ததும் "எங்க கோளாறு?" என்கிறான். எங்கே என்று தெரிந்தால் இவனை எதற்குக் கூப்பிட வேண்டும்? அடுப்புக்காரருக்கு இது பல வருடத்துக் குமைச்சல். ஆஸ்பத்திரியும் அதே லட்சணம்தான் என்பதை அன்று காலையில்தான் கண்டார்.

அடுப்புக்காரர் என்பது பேக்கரியில் அவருக்கு வைத்த பேர். முப்பத்தெட்டு வருடம் ரொட்டி அடுப்பின் முன் நின்றவர். இரண்டு வருடத்துக்கு முன் கொதிக்கிற சர்க்கரைப் பாகு அண்டாவோடு சரிந்து இரண்டு கையிலும் கொட்டியது. புண் ஆறிவிட்டது. ஆறின தோல்தான் சும்மா இருக்கவில்லை. இறுகி இறுகி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. இடது கையில் இரண்டு விரல் மடங்கியது. வலது கையில் கட்டைவிரல் தவிர நாலும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. பார்க்கிறவர்களுக்கு, யாரிடமோ எதையோ பிடுங்கி ஒளித்து வைத்திருக்கிறவர் போல இருப்பார். இப்போது அவருக்குப் பேக்கரியில் வேலை, வருகிறவர்களுக்குக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துவிடுவது.

முதலாளி கெட்டவர் இல்லை. "வலது கையை விரிச்சுக்கிட்டு வாங்கண்ணே. இன்னும் நாலு மாசம் நானே அடுப்பைப் பாத்துக்கறேன், புது ஆளைப் போடமாட்டேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட என்னால தாங்காது," என்று சொல்லிவிட்டார். ஒட்டுப்போட்டு, அட்டை வைத்துக் கட்டி, விரலைப் பழக்கி எடுக்க நாலு மாதம் சரியாகப் பிடிக்கும் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு வாரம் வழுக்கினாலும் அடுப்பு கையை விட்டுப் போய்விடும்.

டாக்டரம்மாவுக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். "இறுகின தழும்பை வெட்டி விரலை நிமித்திட்டு, தொடையிலேர்ந்து மெல்லிசா தோல் சீவி அங்க ஒட்டுவோம் ஐயா," என்று விளக்கியபோது இவர் கேட்டார்: "தொடைத் தோலா? உள்ளங்கையில முடி மொளைச்சு ரொட்டியில விழுந்தா?"

"அவ்வளவு மெல்லிசா சீவும்போது முடியோட வேர் வராது," என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல். சிரிக்காத டாக்டரை நம்பலாமா கூடாதா என்று இவருக்குப் பிடிபடவில்லை. ஏற்கெனவே சம்பந்தி சங்கதி ஒன்று நெஞ்சில் கிடந்தது. சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போன சம்பந்திக்குப் பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கி அனுப்பினான் ஒருவன். சம்பந்தி இன்றைக்கும் சொத்தையால்தான் மென்றுகொண்டிருக்கிறார்.

ஆபரேஷன் அன்று காலை, சீட்டு எழுதுகிற இடத்தில் கேட்டார்கள்: "எந்தக் கை?" வார்டில் நர்ஸ் கேட்டாள்: "எந்தக் கை?" மரத்துப்போக ஊசி போடுகிற டாக்டர் கேட்டார். கடைசியில் டாக்டரம்மாவே வந்து கேட்டுவிட்டு, வலது முன்கையில் பேனாவால் ஒரு அம்பு வரைந்துவிட்டுப் போனார்.

"பாத்தியா," என்றார் மனைவியிடம். "சந்தைக்குப் போறவன் மறந்துடாம கையில எழுதிக்குவான்ல, அந்த மாதிரி. நாலு பேர் கேட்டாச்சு. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்களா?"

"கேட்டா சொல்லிட்டுப் போங்களேன். வாயை என்ன வாடகைக்கா எடுத்திருக்கீங்க?"

"இவங்களுக்கே தெரியலைடி."

"அவங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாக்குறாங்க."

"என் கை எனக்குத் தெரியாதா?"

"அந்தச் சந்தேகம் எனக்கே உண்டு," என்றாள் அவள்.

பச்சை அங்கி மாட்டி, போர்வை மூடி, ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு நடையில் கிடத்தினார்கள். தாளும் பேனாவுமாக ஒரு சிஸ்டர் வந்தார்.

"ஐயா, இன்னைக்கு எந்தக் கையில ஆபரேஷன்?"

அடுப்புக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அடுப்படிக்குப் புதிதாக வருகிறவனிடம் உப்பின் அளவை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவார். மறுத்துக் கேட்டால் தேறுவான். தலையாட்டினால் அவனைத் தட்டு கழுவ அனுப்பிவிடுவார். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவையும் பொய்க்காத பரீட்சை அது.

"இடது," என்றார்.

சிஸ்டர் மறுக்கவில்லை. போர்வையை விலக்கி அம்பையும் பார்க்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, "சரிங்கய்யா," என்று போய்விட்டார். இவருக்குச் சம்பந்தியின் பல் ஞாபகம் வந்தது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள் வேறொருவர் வந்து, படபடப்பு அடங்க என்று ஒரு ஊசியைப் போட்டார். அடங்கத்தான் செய்தது. விளக்குகள் மேலே நகர்ந்து போவதை, யாருக்கோ நடக்கிற கல்யாண ஊர்வலம் போலப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

உள்ளே ஆளாளுக்கு வேலையாக இருந்தார்கள். திடீரென்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் குரல் உரக்க வாசித்தது.

"கையெழுத்துப் போட்ட தாள்ல, வலது. கையில போட்ட அடையாளம், வலது. வெளிய கேட்டப்ப நோயாளி வாயால சொன்னது, இடது."

டாக்டரம்மா குனிந்தார். "ஐயா, இடதுன்னா சொன்னீங்க?"

"சும்மாதாம்மா. உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன். வலதுதான். ஆரம்பிங்க."

"முடியாதுங்கய்யா."

"அதான் வலதுன்னு சொல்றேனே."

"ஊசிக்கு முன்னாடி தெளிவா இருக்கையில இடதுன்னீங்க. ஊசி போட்டதுக்கு அப்புறம் வலதுங்கறீங்க. மருந்து உள்ள இருக்கும்போது நீங்க சொல்றது உங்க பேச்சு இல்ல. தாளு, அம்பு, உங்க வாய் மூணும் ஒண்ணா இருந்தாத்தான் நான் கத்தி வைப்பேன்."

"என் பேச்சு இல்லைன்னா வேற யாரு பேச்சும்மா?" என்றார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு உண்மையாகப் பேசியது குறைவு. ஆனால் நாக்கு தடித்துப்போய் பாதிதான் வெளியே வந்தது.

கட்டிலைத் திருப்பினார்கள். அடுத்த ஆளுக்கு நாள் முழுக்கப் பிடிக்கிற வேலையாம். அடுத்த தேதி, ஐந்து வாரம் கழித்து.

மத்தியானம் மருந்தின் மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். "பரீட்சை வெச்சீங்க. நாங்க தேறினோமா ஐயா?"

"தேறலை. அந்த சிஸ்டர் அப்பவே மறுத்திருக்கணும். தப்பைச் சொன்னா தப்பையே எழுதிக்கிறாங்க."

"அவங்க திருத்திக் குடுத்தா அது அவங்க பேச்சாயிடும். உங்க வாயிலேர்ந்து வர்றது மட்டும்தான் எங்களுக்கு வேணும். ஒத்துப் பாக்குறது உள்ள."

"ஒத்துப் பாத்து என்ன கிழிச்சீங்க? ஒண்ணும் கிழிக்கலையே."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. இப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். இவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மடங்கிய விரல்களில் தேதிச் சீட்டு நிற்கவில்லை; மனைவி வாங்கி அவர் சட்டைப்பையில் செருகினாள். வாசலுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"அஞ்சு வாரம் போச்சு. அடுப்பும் போச்சு. முதலாளிகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"எந்தக் கைன்னு தெரியாத ஆஸ்பத்திரின்னு சொல்லுவேன்."

"அவரு நம்புவாரா?"

"நம்பமாட்டாரு. புது ஆளைப் போட்டுடுவாரு." அதைச் சொல்லும்போது குரல் ஒரு பிடி இறங்கியது. வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே அம்பு இன்னும் அழியாமல் இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தார், போகவில்லை.

"தேதிக்கு வருவீங்கல்ல?"

"வராம? கை என்னுது. வலதுன்னுதான் சொல்லுவேன். அப்பவும் பாரு, பத்துப் பேரு கேப்பாங்க. தெரிஞ்சவன் எவனாவது கேப்பானா?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. தெருவைக் கடக்கிற இடத்தில் யாரோ ஒருவர் அவரை நிறுத்தி வழி கேட்க, "போர்டைப் படிங்க," என்று சொல்லிவிட்டு, மூடிய கையை வீசிக்கொண்டு நடந்தார்.