வலி: இல்லை

நாகலிங்கம் டாக்டர் அல்ல. தோட்டத்து மருந்தகத்தின் மருத்துவ உதவியாளர். ஆனால் 'உதவியாளர்' என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைக்குப் பகல் சோறு இறங்காது. அதனால் தோட்டத்தில் எல்லோரும் டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லாமல் அவர் கழிவறைக்குக்கூடப் போனதில்லை.

அவருடைய பெருமை முழுவதும் ஒரு பதிவேட்டில் இருந்தது. புண்ணுக்கு மருந்து கட்ட வருகிறவர்களின் பதிவேடு. பெயர், பிரிவு, புண், வலி என்று நான்கு கட்டங்கள். ஓரத்தில் நோயாளியின் கையெழுத்து. மாதம் பிறந்த அன்றே வலிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையில் 'இல்லை' என்று எழுதி வைத்துவிடுவார். பதினோரு வருடமாக அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் வலித்ததில்லை. இதை மெச்சி நிர்வாகம் ஒரு கேடயமும் கொடுத்திருந்தது. அது கண்ணாடி அலுமாரியில், சதையை மரத்துப்போக வைக்கும் விறைப்பு மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது. அலுமாரிக்குப் பூட்டு. வலியே இல்லாத இடத்தில் விறைப்பு மருந்துக்கு என்ன வேலை? தோட்டத்துத் தொரை ரோஜா முள்ளில் விரலைக் கீறிக்கொண்ட அன்று மட்டும் அது வெளியே வந்தது.

கொழுந்து பறிக்கிற பேச்சியம்மா மழையில் வழுக்கி, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கூர்க்கட்டையில் விழுந்திருந்தாள். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருதரம் கட்டுப் பிரிக்க வேண்டும். துணி சதையோடு ஒட்டியிருக்கும்; நாகலிங்கம் ஒரே இழுப்பாக இழுப்பார். முதல் இரண்டு தடவை அவள் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். மூன்றாம் தடவை கண் திறந்தபோது தரையில் கிடந்தாள். அன்றைக்கும் பதிவேட்டில் வலி இல்லை.

மறுநாள் கந்தப்பளையில் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய்க் காலைக் காட்டினாள். முந்தின நாள்தான் கட்டியது என்பதால் அங்கிருந்த பெண் டாக்டர் கட்டைப் பிரிக்கவில்லை. கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்: மேல்கட்டை அவிழ்த்ததும் உள்துணி நனைய விறைப்பு மருந்து ஊற்றவும். இருபது நிமிடம் பொறுத்த பின்பே எடுக்கவும்.

அடுத்த நாள் கொப்பியை நாகலிங்கத்திடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை வாசித்தார். டாக்டர் எழுத்தாக இருந்தும் அது தெளிவாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இருவது நிமிசமா? இன்னும் பன்னெண்டு பேரு இருக்காங்க. ஒங்க காலு மட்டுந்தான் காலா?"

"ஊத்திட்டு அவங்களப் பாருங்கய்யா. இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நம்ம சனத்துக்கு இதெல்லாம் தேவையில்ல பேச்சியம்மா. அட்டைக்கடி, குளவிக்கடி எல்லாம் தாங்குற ஒடம்பு. இதுக்குப் பழகிட்டா பொறவு ஒண்ணும் தாங்காது."

"தொரை ஒடம்பு பழகிருச்சாங்கய்யா?"

உதவிக்கு நின்ற சுதர்ஷினி அவசரமாகப் பஞ்சு எண்ணத் தொடங்கினாள்.

நாகலிங்கம் பதிவேட்டையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். அங்கே கையெழுத்து முதலில், மருந்து பிறகு. "வைங்க. நேரம் போகுது."

"இதுல வலி இல்லன்னு போட்டிருக்கே."

"அது எப்பவும் போடுறதுதான்."

"நானும் எப்பவும் வச்சேன். இன்னைக்கி வைக்கல. ஒண்ணு மருந்த ஊத்துங்க, இல்லாட்டி அந்த 'இல்ல'ய அடிச்சுட்டு 'இருக்கு'ன்னு எழுதுங்க."

"கையெழுத்து இல்லன்னா லீவு சீட்டு கெடையாது. நாளைக்கிக் காலையில பெரட்டுல பேரு குடுத்துட்டு மலைக்கி வேலைக்கிப் போகணும்."

"போறேன். மலையில வேல வாங்குற கண்டாக்கையா ஏன் நொண்டுறன்னு கேட்டா, காலையும் காட்டுறேன், கொப்பியையும் காட்டுறேன்."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். வாங்கை விட்டு எழுந்திருக்கவில்லை.

அடுத்து நின்ற கந்தப்பன் வெந்துபோன கையை முன்னால் நீட்டினார். "எனக்கும் வலி இருக்குங்கய்யா. நீங்க கேக்காததுனால சொல்லல."

"எனக்குந்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று.

நாகலிங்கம் வரிசையைப் பார்த்தார். பதினோரு வருடத்து ஆரோக்கியம் ஒரே காலையில் நாசமாகிக்கொண்டிருந்தது. சாவிக் கொத்தை எடுத்துச் சுதர்ஷினியிடம் எறிந்தார். "ஊத்தித் தொலை."

சுதர்ஷினி மேல்கட்டை அவிழ்த்து, கொப்பியைப் பார்த்து அளவாக ஊற்றினாள். முதலில் சுள்ளென்றது. பிறகு குளிர்ந்தது.

ஏழாம் நிமிடமே நாகலிங்கம் இடுக்கியோடு வந்துவிட்டார். "போதும், வெறைச்சிருக்கும்."

"ஏழுதாங்கய்யா ஆச்சு. மணிக்கூடு ஒங்க தலைக்கு மேலதான் இருக்கு."

அவர் திரும்பிப் போனார். இருபதாம் நிமிடம் அவளாகவே காலை நீட்டிக் கொடுத்தாள். நாகலிங்கம் இடுக்கியால் பிடிக்க, துணி மெல்லக் கிளம்பி வந்தது. எங்கோ தூரத்தில் யாரோ தொடுவதுபோல் இருந்ததே தவிர, வேறொன்றும் இல்லை. பேச்சியம்மா கண்ணை மூடவில்லை. அந்தப் புண்ணை அவள் சரியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பயந்த அளவுக்குப் பெரிதில்லை. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் ஏறியிருந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு பக்குவமா எடுத்தேன்," என்று குனிந்தார் நாகலிங்கம்.

"தலையக் கொஞ்சம் தள்ளுங்கய்யா, மறைக்குது. நான் இன்னும் பாத்து முடிக்கல."